உதவித்தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லி அறிவிப்பு: பணத்தைக் கட்டிவிடுவேன், "மறைத்து" என்ற சொல்லை என்ன செய்வது?

கொருக்குப்பேட்டை மலர் – திங்கள், இரவு 9.40

வணக்கம். வடசென்னைக்காரர்கள் பலர் இங்கே இருப்பதால் இங்கேயே கேட்கிறேன். இன்று காலை தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பழுப்பு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரே ஒரு தாள். வாசகத்தை அப்படியே தருகிறேன்: "தாங்கள் தனியார் நிறுவனத்தில் பணியில் சேர்ந்த உண்மையை மறைத்து நான்கு காலாண்டுகளுக்கு வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை ரூ.7,200 பெற்றுள்ளது தெரியவருகிறது. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் மேற்படி தொகையைத் திருப்பிச் செலுத்தத் தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்."

நடந்ததைச் சொல்கிறேன். பி.காம். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, உயிர்ப்பதிவேட்டில் ஐந்து ஆண்டுகள் பெயர் இருந்த பிறகுதான் இந்த உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். காலாண்டுக்கு ஒருமுறை 1,800 ரூபாயாக வங்கிக் கணக்கில் ஏறும். மூன்று ஆண்டுகள் வரைதான் கொடுப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, வேலை எதிலும் இல்லை என்று சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். 2023 ஏப்ரலில் கொடுத்தேன். அன்று எனக்கு வேலை இல்லை. ஜூன் 1-ஆம் தேதி மாதவரம் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. அடுத்த வாரமே, உதவித்தொகையை நிறுத்திவிடுங்கள் என்று பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன்.

பணம் நிற்கவில்லை. சம்பளம் வேறு வங்கியில் வருவதால் இந்தக் கணக்கை நான் பார்ப்பதில்லை. பாஸ்புத்தகமும் அட்டையும் அம்மாவிடம் இருந்தன. அக்டோபரில் அம்மா பதிவு போட்டுக்கொண்டு வந்து காட்டினார். அரை நாள் விடுப்பு எடுத்து அலுவலகம் போனேன். "கடிதம்தான் கொடுத்துவிட்டீர்களே, தானாக நின்றுவிடும்" என்று முகப்பில் இருந்தவர் சொன்னார். நம்பி வந்துவிட்டேன். டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த கோப்பு ஊறிக் கூழாகிவிட்டது. கடித நகலும் அதிலேயே போயிற்று. அடுத்த ஏப்ரலில் உறுதிமொழி ஆவணம் கொடுக்கவில்லை, பணமும் நின்றது.

வந்ததைச் செலவழித்தோம், அதை மறுக்கவில்லை. அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடி, வெள்ளம் வடிந்த பிறகு அரிசி, பருப்பு, ஒரு பாய். திருப்பிக் கட்டவும் தயார். ஆனால் "உண்மையை மறைத்து" என்ற சொல் என் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஒரு கோப்பில் கிடக்கப் போகிறது. குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாளை ஒரு வேலை கிடைத்து நன்னடத்தை விசாரிக்கும்போது இந்தத் தாள் எழுந்து வந்தால் என்ன சொல்வேன்? நான் எதையும் மறைக்கவில்லை.

வியாசர்பாடி தம்பி – திங்கள், இரவு 10.05

அக்கா, 7,200 ரூபாய்க்காக அலைய வேண்டாம். நாளைக்கே கட்டிவிட்டு ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். அரசு அலுவலகத்தோடு வாதாடி யார் ஜெயித்தார்கள்? நாலு நாள் விடுப்பு எடுத்தால் அந்தச் சம்பளமே இதைவிட அதிகமாகப் போய்விடும்.

பெரம்பூர் ஓய்வூதியர் – திங்கள், இரவு 10.50

தம்பி சொல்வதில் பாதி சரி, பாதி ஆபத்து. பதில் எதுவும் எழுதாமல் பணத்தை மட்டும் கட்டினால், அறிவிப்பில் எழுதியிருப்பதை ஒப்புக்கொண்டதாகத்தான் கோப்பில் குறிப்பு எழுதுவார்கள். நான் 31 ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் இருந்தவன், கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். "தொகை செலுத்தப்பட்டது, கோப்பு முடிக்கப்பட்டது" என்று நானே எழுதியிருக்கிறேன். அப்போது முதல் தாளில் என்ன சொல் இருந்தது என்று திரும்பிப் பார்க்க மாட்டோம். அந்தச் சொல் அப்படியே உறைந்துபோகும்.

மலர் அம்மா, இந்த மாதிரிக் கடிதம் எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன், பயம் கொஞ்சம் குறையும். தணிக்கைக்கு வருகிறவர்கள் பட்டியலைப் பார்த்து, வேலையில் சேர்ந்த பிறகும் பணம் போயிருக்கிறது என்று தணிக்கைத் தடை எழுப்புவார்கள். தடையை நீக்க வேண்டும் என்றால் வசூல் செய்ததைக் காட்ட வேண்டும். பிரிவு எழுத்தர் பழைய மாதிரிக் கடிதம் ஒன்றை எடுத்து, பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி வைப்பார். "உண்மையை மறைத்து" என்பது அந்த மாதிரியிலேயே இருக்கும். உங்கள் மேல் யாரும் விசாரணை நடத்தி முடிவுக்கு வந்து அந்தச் சொல்லைப் போட்டிருக்க மாட்டார்கள். அதனாலேயே அதை மாற்றவும் முடியும்.

நீங்கள் அனுப்பிய கடிதம் அந்த அலுவலகத்துக்குப் போயிருந்தால் பகிர்மானப் பதிவேட்டில் ஒரு எண் விழுந்திருக்கும். எந்தத் தபாலும் அந்தப் பதிவேட்டைத் தாண்டாமல் மேசைக்குப் போகாது. அங்கிருந்து பிரிவு எழுத்தரின் தன் பதிவேட்டில் ஏறியிருக்கும். இந்த இரண்டில் ஒன்றில் உங்கள் கடிதம் இருந்தால் "மறைத்து" என்பது நிற்காது. பதிவுத் தபாலோடு ஒப்புகை அட்டை வைத்தீர்களா?

கொருக்குப்பேட்டை மலர் – திங்கள், இரவு 11.15

வைத்தேன் ஐயா. திரும்பி வந்ததும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் வெள்ளத்தில் போன கோப்பில்தான் வைத்திருப்பேன் என்று நினைக்கிறேன். நாளை வீடு முழுக்கத் தேடுகிறேன்.

காலடிப்பேட்டை கணக்கர் – செவ்வாய், காலை 7.20

நான் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கும். சகோதரி நேர்மையானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வந்த பணம் தனக்குரியது அல்ல என்று அக்டோபரிலேயே அவருக்குத் தெரியும். அதன் பிறகும் இரண்டு தவணை செலவாகியிருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கென்று ஒதுக்கிய தொகை அது. பத்தாவது தேறாதவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாவது முடித்தவருக்கு 400. அந்த 200 ரூபாய்க்காகப் படிவத்தோடு வரிசையில் நிற்கும் பையனை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உச்ச நீதிமன்றமே 2012-இல் சண்டி பிரசாத் உனியால் வழக்கில் இதைச் சொல்லியிருக்கிறது. கூடுதலாகப் போன பணம் வரி கட்டியவர்களின் பணம். தவறாகக் கொடுத்த அதிகாரிக்கும் சொந்தமில்லை, வாங்கியவருக்கும் சொந்தமில்லை. மோசடி இருந்தால்தான் வசூலிக்கலாம் என்று கட்டாயம் எதுவும் இல்லை. அலுவலகத்தின் தவறு என்பதாலேயே பணம் நம்முடையதாகிவிடாது.

ராயபுரம் மீனா – செவ்வாய், காலை 9.10

அண்ணா, நீங்கள் சொன்ன தீர்ப்போடு கதை முடியவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

அப்பா ஓர் அரசுத் துறையில் அலுவலக உதவியாளர். கோப்பு தூக்கியும் தேநீர் வாங்கிக் கொடுத்தும் 34 ஆண்டுகள். ஓய்வு பெற இரண்டு வாரம் இருக்கும்போது, பல ஆண்டுகளுக்கு முன் செய்த ஊதிய நிர்ணயம் தவறு என்று கண்டுபிடித்தார்கள். அதுவரை கூடுதலாகக் கொடுத்தது 1,86,000 ரூபாய். பணிக்கொடையில் பிடித்துக்கொள்கிறோம் என்றார்கள். அந்த நிர்ணயத்தைச் செய்தது அலுவலகம். அப்பாவுக்கு ஊதிய விகிதம் என்றால் என்னவென்றே தெரியாது. மாதம் பிறந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கியவர். பணிக்கொடை வந்ததும் ஓட்டு வீட்டைத் தளம் போடலாம் என்று கம்பிக்கும் சிமென்டுக்கும் முன்பணம் கொடுத்திருந்தார். பிடித்தம் போக வந்ததை எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் காசிமேட்டுப் பக்கம் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். இருட்டிய பிறகு நான்தான் போய் அழைத்து வந்தேன்.

அப்போது ஒருவர் சொல்லித்தான் ரஃபீக் மசீஹ் வழக்கு தெரிந்தது. பஞ்சாப் அரசுக்கு எதிரான வழக்கு. 2014 டிசம்பர் 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்கின் தலைப்பிலேயே அவர் வெள்ளையடிப்பவர் என்று போட்டிருக்கும். எங்கள் அப்பாவைப் போன்ற ஒருவர். கடைநிலை ஊழியர்களிடமும் மூன்றாம் பிரிவு ஊழியர்களிடமும் இப்படிப் பிடிக்கக் கூடாது. ஓய்வு பெற்றவரிடமும் ஓராண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவரிடமும் பிடிக்கக் கூடாது. வசூல் ஆணைக்கு முன் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் கொடுத்துவந்ததைப் பிடிக்கக் கூடாது. இவற்றோடு, மேல்பதவியின் வேலையை வாங்கிக்கொண்டு அதற்குரிய சம்பளம் கொடுத்திருந்தாலும், வசூல் என்பது அளவுக்கு மீறிய கொடுமையாக இருக்கும் என்று நீதிமன்றம் கருதினாலும் கூடாது. அந்த ஐந்தில் முதல் மூன்றும் அப்பாவுக்குப் பொருந்தின. ஒரு மனு எழுதி, தீர்ப்பின் அந்தப் பத்தியை நகல் எடுத்து இணைத்தோம். ஏழு மாதம் இழுத்தது. பணம் முழுதும் திரும்பி வந்தது.

எல்லாப் பணமும் வரி கட்டியவர்கள் பணம்தான். அப்பாவும் தீப்பெட்டி வாங்கும்போதெல்லாம் வரி கட்டியவர்தான்.

காலடிப்பேட்டை கணக்கர் – செவ்வாய், காலை 9.45

உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநியாயம். அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் 34 ஆண்டு உழைத்தவரின் சம்பளமும் விண்ணப்பித்து வாங்கும் உதவித்தொகையும் ஒன்றல்ல. சட்டம் தெரிந்தவர் யாராவது சொன்னால் நல்லது.

பாரிமுனை வழக்கறிஞர் – செவ்வாய், மதியம் 1.30

உணவு இடைவேளையில் எழுதுகிறேன், கொஞ்சம் வேகமாகப் போகிறேன்.

கணக்கர் சுட்டிய வேறுபாடு சரியானது. ரஃபீக் மசீஹ் தீர்ப்பு முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலானது. மலர் அரசின் ஊழியர் அல்லர், பயனாளி. அதை அப்படியே எடுத்து இங்கே பொருத்த முடியாது. மாறாக, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 72-ஆவது பிரிவு, தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஆகவே, ஜூன் மாதத்துக்குப் பிறகு வந்த அசல் தொகையைக் கட்ட வேண்டியிருக்கும் என்றே மலர் எடுத்துக்கொள்ளட்டும். முழுத் தள்ளுபடி கேட்கலாம். கிடைக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன்.

ஆனால் இந்த வகை வழக்குகள் அத்தனையும் ஒரே அச்சில் சுழல்கின்றன. பணம் வாங்கியவர் பொய் சொல்லி வாங்கினாரா, அல்லது கொடுத்தவரின் கவனக்குறைவால் வந்ததா? 2009-இல் பீகார் ஆசிரியர்கள் தொடர்பான சையத் அப்துல் காதிர் வழக்கிலும், 2022 மே மாதம் கேரளத்து ஓய்வு பெற்ற ஆசிரியர் தாமஸ் டேனியல் வழக்கிலும் நீதிமன்றம் முதலில் கேட்டது இதைத்தான். வசூலைத் தடுப்பது வாங்கியவரின் உரிமை என்பதால் அல்ல, அவர் படும் துன்பத்தைக் கருதி நீதிமன்றம் காட்டும் நியாயம் என்றும் சொல்லியிருக்கிறது. பொய் சொன்னவருக்கு அந்த நியாயம் கிடைக்காது. மலருக்கு உறுத்துகிற அந்தச் சொல்தான் சட்டத்துக்கும் முக்கியமான சொல். அதை விடக் கூடாது என்று அவர் நினைப்பது சரி.

ஓய்வூதியர்களுக்கு ஓர் எச்சரிக்கை, இங்கே பலர் இருப்பதால். ஓய்வூதியக் கணக்குத் தொடங்கும்போது, கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று ஓர் உறுதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில், ஊதியத் திருத்தத்தின்போது இதேபோல் எழுதிக் கொடுத்த ஒரு நீதித்துறை அதிகாரியிடம் ஓய்வுக்குப் பிறகும் வசூலிக்கலாம், ஆனால் இரண்டு ஆண்டுகளில் தவணையாக, என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குடும்ப ஓய்வூதியத்தில் இது அடிக்கடி வரும். கணவர் பணியில் இருக்கும்போதே இறந்தால் தொடக்கத்தில் சில ஆண்டுகள் கடைசிச் சம்பளத்தில் 50 விழுக்காடு, பிறகு 30 விழுக்காடு. குறைக்க வேண்டிய தேதியில் குறைக்க மறந்துவிட்டு, பல ஆண்டுகள் கழித்து லட்சக்கணக்கில் கேட்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஓய்வூதியம் வாங்கும் தாய்மார் இருந்தால் ஆணையை எடுத்து அந்தத் தேதியைப் பார்த்து வையுங்கள்.

மலர் செய்ய வேண்டியது: 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். கணக்கு விவரம் கேளுங்கள். நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கேளுங்கள். பெண்கள் எல்லாருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்துக்கே வரலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

காலடிப்பேட்டை கணக்கர் – செவ்வாய், மாலை 6.40

கணக்கு விவரம் என்றதும் மறுபடி மேலே போய்ப் படித்தேன். சகோதரி, பாஸ்புத்தகத்தில் எந்தெந்தத் தேதியில் 1,800 ஏறியிருக்கிறது என்று எழுதுங்கள். நான்கு காலாண்டு என்று அவர்கள் சொல்வதில் எனக்கு ஓர் ஐயம்.

கொருக்குப்பேட்டை மலர் – செவ்வாய், இரவு 9.55

அண்ணா, எழுத்து மங்கிப் போயிருக்கிறது, விளக்குக்கு நேரே பிடித்துப் படித்தேன். 2023 ஜூலை, அக்டோபர், 2024 ஜனவரி, ஏப்ரல். நான்கு வரிகள், ஒவ்வொன்றும் 1,800.

இன்னொரு செய்தி. அட்டை கிடைத்துவிட்டது! அலமாரி, பெட்டி, பரண் எல்லாவற்றையும் கலைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா தன் தையல் இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்து நூல்கண்டு எடுக்கும்போது, பித்தான் டப்பாவுக்கு அடியில் இருந்தது. மேசை உயரமாக இருந்ததால் வெள்ளம் அங்கே எட்டவில்லை. நான் கொடுத்ததை, "அரசாங்க முத்திரை இருக்கிறதே" என்று அவர் பத்திரப்படுத்தியிருக்கிறார். அட்டையின் ஓரம் மட்டும் மஞ்சளாகியிருக்கிறது. வட்ட முத்திரையில் தேதி தெளிவாகத் தெரிகிறது: 12 ஜூன் 2023. அதன் கீழே சாய்வாக ஒரு கையெழுத்து. எத்தனை முறை தடவிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

காலடிப்பேட்டை கணக்கர் – செவ்வாய், இரவு 10.20

மிக்க மகிழ்ச்சி. இப்போது கணக்கைப் பாருங்கள். ஜூலையில் ஏறியது ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கான தொகை. உங்களுக்கு வேலை கிடைத்தது ஜூன் 1. ஏப்ரல், மே இரண்டும் உங்களுக்கு நியாயமாக வர வேண்டியவை. அந்த 1,200 ரூபாயையும் சேர்த்துக் கேட்கிறார்கள். கட்ட வேண்டியது ஜூன் மாதத்துக்கு 600, அடுத்த மூன்று காலாண்டுகளுக்கு 5,400. மொத்தம் 6,000 ரூபாய்.

வரிப்பணத்தில் ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது என்று நான் எழுதியவன். உங்களுக்கு உரிய 1,200 ரூபாயை அரசு தவறாக வாங்குவதும் அதே கணக்கில் பிழைதான். பதிலில் இதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள்.

பெரம்பூர் ஓய்வூதியர் – செவ்வாய், இரவு 10.45

அட்டையின் இரு பக்கமும் நகல் எடுத்து இணையுங்கள். மூலத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், காட்டிவிட்டுப் பைக்குள் வையுங்கள்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். உறை போய்ச் சேர்ந்தது என்பதற்குத்தான் அட்டை சாட்சி. உள்ளே என்ன எழுதியிருந்தது என்று அது சொல்லாது. ஆகவே பதிலோடு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனுவும் போடுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "12.6.2023 அன்று பெறப்பட்ட பதிவுத் தபாலின் பகிர்மானப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலும், அக்கடிதத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பும் வேண்டும்" என்று இரண்டே வரி. 30 நாளில் பதில் தர வேண்டும். பல நேரங்களில் இந்த மனு மேசைக்கு வந்ததுமே பழைய கடிதத்தை அவர்களே தேடி எடுத்துவிடுவார்கள்.

மணலி தொழிலாளி – புதன், காலை 6.15

இரவுப் பணி முடிந்து வந்து படித்தேன். 2020-இல் ஊரடங்கில் நான் வேலை செய்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் கட்டியிருந்ததால், வேலை இழந்த ஈ.எஸ்.ஐ. தொழிலாளர்களுக்கான அடல் திட்டத்தில் நிவாரணம் கிடைத்தது. முதலில் சராசரிச் சம்பளத்தில் 25 விழுக்காடாக இருந்ததை அந்த ஆண்டு 50 ஆக்கினார்கள். வேலை போய் 90 நாள் காத்திருக்க வேண்டும் என்பதை 30 நாளாகக் குறைத்தார்கள். வாழ்நாளில் அதிகபட்சம் 90 நாட்களுக்குத்தான். என்னோடு இருந்த ஒருவருக்கு இடையிலேயே வேறு வேலை கிடைத்தது. நாட்களைக் குறைத்து எழுத அவருக்கு மனமில்லை. நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 70-ஆவது பிரிவு, உரிமையில்லாமல் வாங்கிய பயனைத் திருப்பித் தர வேண்டும் என்றது. பொய்யான தகவலுக்கு 84-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை என்றும் இருந்தது. உண்மையை எழுதினார், சில நாள் பணம் குறைந்தது, நிம்மதியாகத் தூங்கினார். தங்கையும் முதல் வாரத்திலேயே எழுதியிருக்கிறார். தலை நிமிர்ந்து போகட்டும்.

மிச்சிகனில் வண்ணாரப்பேட்டைக்காரன் – புதன், இரவு 8.30

பிறந்தது வண்ணாரப்பேட்டை, இருப்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். ஒரு சொல்லுக்காக ஏன் இத்தனை பேச்சு என்று நினைப்பவர்களுக்கு இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும்.

இங்கே வேலை போனால் மாநிலமே வாராவாரம் உதவித்தொகை கொடுக்கும். ஒவ்வொரு வாரமும், இந்த வாரம் எவ்வளவு சம்பாதித்தேன் என்று நாம் உறுதி சொல்ல வேண்டும். 2013 அக்டோபரில் மைடாஸ் என்ற கணினி முறையைக் கொண்டுவந்தார்கள். முதலாளி கொடுத்த கணக்கும் தொழிலாளி சொன்ன கணக்கும் கொஞ்சம் ஒத்துப்போகவில்லை என்றால், அது தானாகவே "மோசடி" என்று முத்திரை குத்தியது. மனிதர் யாரும் பார்க்கவில்லை. 2015 வரை ஏறத்தாழ 40,000 பேர் மோசடிக்காரர்கள் ஆனார்கள். வாங்கியதைத் திருப்பிக் கட்டினால் மட்டும் போதாது, அதற்கு மேல் நான்கு மடங்கு அபராதம். சம்பளத்திலும், திரும்பக் கிடைக்க வேண்டிய வருமான வரியிலும் பிடித்தார்கள். வீட்டை இழந்தவர்கள் உண்டு, திவாலானவர்கள் உண்டு. பிறகு 22,000-க்கும் மேற்பட்ட வழக்குகளை மனிதர்களை வைத்து மறுபடி பார்த்தபோது அவற்றில் 93 விழுக்காட்டில் மோசடியே இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில் 2022-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 20 மில்லியன் டாலர் தருவதாக மாநிலம் ஒப்புக்கொண்டது. முத்திரை குத்தப்பட்டு ஏழு, எட்டு ஆண்டுகள் கழித்து.

கொரோனா காலத்திலும் ஒன்று நடந்தது. உதவித்தொகை கேட்பதற்கான காரணங்களாக மத்திய அரசு அனுமதிக்காத சிலவற்றையும் மாநிலம் தன் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிட்டது. மக்கள் அதை நம்பி உண்மையாகவே பதில் எழுதிப் பணம் வாங்கினார்கள். 2021-இல் லட்சக்கணக்கானோருக்கு, நீங்கள் தகுதியுடையவரா என்று மறுபடி நிரூபியுங்கள் என்று கடிதம் போயிற்று. அவர்களில் பெரும்பகுதியினருக்குத் தள்ளுபடி கொடுத்ததற்குக் காரணம், இங்குள்ள சட்டம் கேட்கும் இரண்டு கேள்விகள். வாங்கியவர் மேல் தவறு உண்டா? திரும்ப வாங்குவது நியாயத்துக்கும் மனச்சாட்சிக்கும் விரோதமாக இருக்குமா? அந்தச் சட்டத்திலும் மோசடி என்று எழுதிவிட்டால் இந்த இரண்டாவது கேள்விக்கு இடமே இல்லை, குறைந்தது 15 விழுக்காடு அபராதமும் சேரும்.

அதனால் தங்கையே, அந்தச் சொல்லை விடாதீர்கள்.

கொருக்குப்பேட்டை மலர் – 26 நாட்களுக்குப் பிறகு, இரவு 8.15

எல்லாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒன்பதாவது நாளே பதிலையும் தகவல் உரிமை மனுவையும் நேரில் கொடுத்தேன். அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது, நேரில் வரச் சொன்னார்கள். அம்மாவும் கூட வந்தார். கண்காணிப்பாளர் அம்மாள் என் பதிலை முழுதும் படித்தார். ஒப்புகை அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே ஆள் அனுப்பி 2023-ஆம் ஆண்டின் பகிர்மானப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். நீளமான, முதுகு பிய்ந்த பெரிய புத்தகம். விரலை வரிவரியாக இறக்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். 12.6.2023, என் பெயர், "உதவித்தொகை நிறுத்தக் கோருதல்" என்று பச்சை மையில் எழுதியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடிதம் வேறொரு பிரிவுக்குப் பகிரப்பட்டு, அங்கே பதிவு புதுப்பித்தல் கோப்பில் கிடந்திருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அவரே தேடி எடுத்தார். ஊறிப்போன என் நகலின் மூலத்தை இரண்டு ஆண்டுகள் கழித்து அங்கே பார்த்தேன்.

இன்று திருத்திய ஆணை வந்தது. "பணியில் சேர்ந்த விவரம் பயனாளியால் உரிய காலத்தில் தெரிவிக்கப்பட்ட பின்னரும் தவறுதலாக வழங்கப்பட்ட தொகை ரூ.6,000" என்று இருக்கிறது. முந்தைய அறிவிப்பு ரத்து செய்யப்படுகிறது என்று கடைசி வரியில் தனியாக எழுதியிருக்கிறார்கள். மூன்று தவணை, ஒவ்வொன்றும் 2,000. முதல் தவணையை நாளை செலுத்துச் சீட்டு மூலம் கட்டுகிறேன்.

கணக்கர் அண்ணாவுக்கு: 1,200 ரூபாயைப் பற்றி அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தேதியைப் பார்த்ததும் ஒப்புக்கொண்டார்கள்.

காலடிப்பேட்டை கணக்கர் – அதே நாள், இரவு 8.50

சகோதரி, முதல் நாள் நான் எழுதியதில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். அக்டோபரில் நீங்கள் அலுவலகம் போய்ச் சொன்னதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மன்னிக்கவும்.

வியாசர்பாடி தம்பி – அதே நாள், இரவு 9.30

அக்கா, எங்கள் பக்கத்து வீட்டில் மாற்றுத்திறனாளி அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருக்கு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை, பத்து ஆண்டுகள் வரை உண்டு. போன மாதம் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். நிறுத்தச் சொல்லி எப்படி எழுதுவது? உங்கள் கடிதத்தின் வாசகத்தைக் கொடுக்க முடியுமா?

கொருக்குப்பேட்டை மலர் – அதே நாள், இரவு 10.10

கட்டாயம் தம்பி. அனுப்புநர், பெறுநர் எழுதிய பிறகு இப்படி எழுதச் சொல்லுங்கள்:

"பொருள்: உதவித்தொகையை நிறுத்தக் கோருதல். ஐயா, நான் இந்த எண்ணில் பதிவு செய்து உதவித்தொகை பெற்று வருகிறேன். இந்தத் தேதியில் தனியார் கடையில் பணியில் சேர்ந்துள்ளேன். ஆகவே அத்தேதி முதல் எனக்கு உதவித்தொகை வழங்குவதை நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதத்துக்குப் பின் தொகை ஏதேனும் வரவானால், அதை எந்தக் கணக்கில் திருப்பிச் செலுத்த வேண்டும் என்றும் தெரிவிக்க வேண்டுகிறேன்."

கடைசி வரியை நான் அன்று எழுதவில்லை. பெரம்பூர் ஐயா சொல்லிக் கொடுத்தது. முடிந்தால் நேரில் கொண்டுபோய், இரண்டாவது பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கச் சொல்லுங்கள். மதியத்துக்கு முன் போனால் தபால் பிரிவில் ஆள் இருப்பார்கள். அவரால் படியேற முடியாது என்றால் சொல்லுங்கள், சனிக்கிழமை தவிர எந்த நாளும் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நான் கூட வருகிறேன்.